மெய்யும் நோவும்: ஊரடங்குக் காலக் கட்டிளமைப் பருவத்தினரை முன்வைத்து ஓர் அறவியல் நோக்கு

ஒருவர் தமக்கு நோகிறது என்று கூறும்போது அக்கூற்றை நாம் எதனை ஆதாரமாகக் கொண்டு ஏற்கிறோம் என்பது மெய்யியலாளரும் வைத்தியரும் நெடுங்காலமாக எதிர்கொண்டுவரும் வினாவாகும். காலில் முள் தைத்தவனின் நோவை எவரும் ஐயுறுவதில்லை. முள் கண்ணுக்குத் தெரிகின்றது, குருதியும் கசிகின்றது. ஆயின், பதினைந்து வயது மாணவி ஒருத்தி நாள்தோறும் காலையில் வயிறு நோகிறதென்கிறாள் எனக் கொள்வோம். இரத்தப் பரிசோதனையும் ஸ்கான் பரிசோதனையும் குறையெதனையும் காட்டவில்லை. வீட்டார் அதனைச் ‘சாட்டு’ என்கின்றனர். ஆசிரியர் ‘பஞ்சி’ என்கின்றார். வைத்தியரோ ‘ஒன்றுமில்லை’ என்று கூறி அனுப்பிவிடுகின்றார். இம்மூன்று சொற்களும் தம்முள் வேறுபட்டன போலத் தோன்றினும், அவளது கூற்றை மெய்யன்று எனத் தள்ளும் வகையில் அவை ஒன்றேயாம். கொவிட்-19 பெருந்தொற்றின் பொருட்டு 2020, 2021 ஆம் ஆண்டுகளில் நடைமுறைப்படுத்தப்பட்ட ஊரடங்கு இவ்வினாவை மேலும் கூர்மையாக்கியது. இத்தகைய நோவுடைய இளையோர் அக்காலத்தை எவ்வாறு எதிர்கொண்டனர், அவர்கள்பால் பிறருக்குள்ள கடமை யாது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண், இந்நிலையை மருத்துவம் எவ்வாறு விளங்கிக்கொள்கின்றது என்பதை நோக்குவோம். அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 2013 இல் வெளியிட்ட உளநோய் வகைப்பாட்டு நூலின் ஐந்தாம் பதிப்பு, ‘உடல்சார் அறிகுறிக் கோளாறு’ என்னும் பெயரை அறிமுகப்படுத்தியது. அதற்கு முந்திய வகைப்பாடுகள் ‘மருத்துவத்தால் விளக்கப்படாத அறிகுறி’ என்பதனையே பெரிதும் அளவுகோலாகக் கொண்டிருந்தன. புதிய வரையறை அவ்வளவுகோலைக் கைவிட்டது. வருத்தந் தரும் உடலறிகுறி ஒன்றேனும் இருத்தல், அதனைச் சுற்றி அளவு கடந்த எண்ணமும் அச்சமும் முயற்சியும் திரளுதல், அந்நிலை பொதுவாக ஆறு மாதங்களுக்கு மேல் நீடித்தல் என்பனவே இன்று கருத்திற் கொள்ளப்படுகின்றன. உடலில் வேறொரு நோய் உள்ளவருக்கும் இக்கோளாறு இருக்கலாம். இம்மாற்றம் வெறும் பெயர் மாற்றமன்று. ‘நோவு உண்மையா பொய்யா’ என்ற வினாவை மருத்துவம் விலக்கிவிட்டு, ‘நோவுடன் இவர் எவ்வாறு வாழ்கின்றார்’ என்ற வினாவை அதனிடத்தில் வைத்தது என்பதே அதன் உட்பொருளாகும்.

கட்டிளமைப் பருவத்தினரிடையே தலையிடி, வயிற்றுவலி, களைப்பு என்பனவே இக்கோளாற்றின் பொதுவான முகங்கள். இவை அரியனவும் அல்ல. 1958 இல் ஜோன் அப்லி என்னும் குழந்தை நல வைத்தியர் தம் சகாவுடன் இணைந்து ஆயிரம் பாடசாலைப் பிள்ளைகளை ஆராய்ந்தபோது, பத்தில் ஒருவருக்குச் சற்று மேலானோர் மீண்டும் மீண்டும் தோன்றும் வயிற்றுவலியால் வருந்தியமை தெரியவந்தது. இத்தகைய பிள்ளைகளுள் மிகச் சிலரிடமே உறுப்புக் குறை காணப்பட்டது. உறுப்பிற் குறையில்லை என்பதனால் உடலில் ஏதும் நிகழவில்லை என்று கொள்ளலாகாது. அச்சம் நீடிக்கும்போது கழுத்துத் தசைகள் இறுகுகின்றன. குடலின் அசைவு மாறுகின்றது. நரம்புகள் சிறு உணர்ச்சியையும் பேரொலிபோல் மூளைக்கு எடுத்துச் செல்லப் பழகுகின்றன. பரீட்சை மண்டபத்தின் வாசலில் வயிறு கலங்காதவர் நம்முள் எத்தனை பேர்? அக்கலக்கத்தை நாம் எவரும் நடிப்பென்பதில்லை.

இனி ஊரடங்குக் காலத்திற்கு வருவோம். 2020 மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் கொவிட்-19 ஐப் பெருந்தொற்றாக அறிவித்தது. இலங்கையில் மறுநாளே பாடசாலைகளை மூடும் முடிவு வெளியாயிற்று. மார்ச் 20 ஆம் திகதி நாடளாவிய ஊரடங்கு தொடங்கியது. அவ்வாண்டு ஓகஸ்டில் நடைபெறவேண்டியிருந்த க.பொ.த. உயர்தரப் பரீட்சை ஒக்டோபருக்குத் தள்ளிப்போனது. சாதாரண தரப் பரீட்சையோ 2021 மார்ச்சிலேயே நடைபெற்றது. உலகெங்கும் 150 கோடிக்கு மேற்பட்ட மாணவர் ஒரே வேளையில் வகுப்பறையை இழந்தனர். இன்று பல்கலைக்கழகத்திற் பயிலும் எம்மிற் பலர் அவர்களுள் அடங்குவோம்.

அக்காலத்திற் சுகதேகிகளும் தம் உடலை ஐயக்கண்கொண்டு நோக்கக் கற்றனர் என்பது மனங்கொள்ளத்தக்கது. தொண்டை சற்றுக் கரகரத்தால் அன்றிரவு உறக்கமில்லை. செய்திகளைப் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே மூச்சு முட்டுவதுபோல் தோன்றியது. வெப்பமானியை நாளில் ஐந்துமுறை நாடியவர் எத்தனையோ பேர். அவர்களை எவரும் நோயாளரென்றோ நடிப்பவரென்றோ கூறவில்லை. ‘காலம் அப்படி’ என்று ஒருவரையொருவர் தேற்றிக்கொண்டனர். காரணங் காணப்படாத நோவுடைய இளைஞன் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்துவந்த உலகிற்குள் ஏனையோர் சில மாதங்கள் குடிபுகுந்தனர் என்றே கூறவேண்டும். நமக்கு நாமே வழங்கிக்கொண்ட அந்தப் பரிவை அவனுக்கு முன்னரும் பின்னரும் மறுத்தமைக்கு நியாயம் யாது?

அவ்விளையோரின் நிலை ஊரடங்கில் ஒரே திசையிற் செல்லவில்லை. பாடசாலை மூடப்பட்டதும் சிலரது தலையிடி தணிந்தது. வேறு சிலருக்கு அது பெருகியது. ஓரறை வீட்டில் ஐவர் அடைபட்டிருக்க, நாட்கூலி நின்றுபோன தந்தையின் சினமும் தாயின் மௌனமும் சூழ்ந்திருக்க, ஒற்றைக் கைத்தொலைபேசியை மூன்று பிள்ளைகள் இணையவழி வகுப்புக்காகப் பங்கிட்டுக்கொள்ள, உடலுக்கு ஓய்வு எங்ஙனம் வாய்க்கும்? அங்கே பாடசாலைதான் புகலிடமாக இருந்தது, அது பறிபோயிற்று. 2021 அளவில் பிரித்தானியா, ஜேர்மனி, கனடா முதலிய நாடுகளில், திடீரெனத் தோன்றும் கட்டுப்பாடற்ற அசைவுகளுடனும் ஒலிகளுடனும் வைத்தியரை நாடிய பதின்வயதினர், சிறப்பாகப் பெண்பிள்ளைகள், அதிகரித்தமையும் அறிக்கையிடப்பட்டது. அவர்கள் ‘டிக்டொக்’ காணொளிகளைப் பார்த்து நடிக்கின்றனர் என எள்ளியோரும் உளர்.

நோவு தணிந்தவர்களை முன்னிறுத்தியே மிகக் கடுமையான குற்றச்சாட்டு எழுகின்றது. ‘பாடசாலை மூடியதும் தலையிடி பறந்துவிட்டது, ஆகவே இதுகாறும் நம்மைப் பேய்க்காட்டியிருக்கிறான்’ என்பதே அது. இவ்வாதம் பார்வைக்கு வலிமையுடையது போலத் தோன்றினும், நுணுகி நோக்கின் நிலைகுலைந்துவிடும். முள்ளைப் பிடுங்கியதும் கால்நோவு தணிகின்றது. அதனைக்கொண்டு முன்னைய நோவு பொய்யென எவரும் முடிவு கட்டுவதில்லை. முள்ளே காரணமென்றுதான் முடிவு செய்கிறோம். பாடசாலை மூடியதும் தணிந்த தலையிடியும் அவ்வாறே தன் காரணத்தைச் சுட்டிக்காட்டுகின்றது. வகுப்பிற் கேலிக்குள்ளாதல், பரீட்சைப் பயம், விடியுமுன் தொடங்கி இரவுவரை நீளும் ரியூசன் வகுப்புகள் ஆகிய இவற்றுள் எது முள் என்று தேடவேண்டிய வேளையில், நாம் பிள்ளையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகின்றோம்.

நடிப்புக்கும் இதற்கும் வேறுபாடு உண்டு. நடிப்பவன் தான் அடைய விரும்பும் பயனை அறிவான். அதற்கான வழியையும் தானே தெரிவான். வேண்டாத நாளில் நோவை வரவழைப்பான். வேண்டிய நாளில் அதனை நிறுத்திவிடுவான். இக்கோளாறுடைய இளையோரின் அனுபவம் அத்தகையதன்று. பாடசாலைக்குச் செல்லவிடாத அதே வயிற்றுவலி, ஆசையோடு காத்திருந்த விளையாட்டுப் போட்டியையும் தோழியின் பிறந்தநாளையும் பறித்துவிடுகின்றது. தனக்கே நட்டம் விளைக்கும் நடிப்பை எவர் ஆண்டுக்கணக்கில் நடிப்பர்?

இவ்விடத்தில் மெய்யியல் நமக்கு உதவுகின்றது. உடலையும் உள்ளத்தையும் இருவேறு பொருள்களாகப் பிரித்தவர் டேக்கார்ட் என்பர். ஆயின் 1641 இல் வெளிவந்த தமது தியானங்களில் அவரே, மாலுமி கப்பலில் இருப்பதுபோல் நான் என் உடலுக்குள் இருக்கவில்லை என்னும் கருத்தை வலியுறுத்தினார். கப்பல் உடைந்தால் மாலுமி அதனைக் காண்கின்றான். உடல் காயமுற்றால் நாம் அதனைக் காண்பதோடு அமையாது வருந்துகின்றோம். விற்கென்ஸ்ரைன் மறைந்தபின் 1953 இல் வெளியான அவரது ஆய்வுகள் வேறொரு வழியைக் காட்டின. குழந்தை நொந்து அழுகின்றது; பெரியோர் அதற்குச் சொற்களைக் கற்பிக்கின்றனர்; பின்னர் அழுகையின் இடத்தில் சொல் வந்து அமர்கின்றது. ‘நோகிறது’ என்பது உள்ளே கண்ட ஒரு பொருளைப் பற்றிய அறிக்கை என்பதிலும், வளர்ந்துவிட்ட அழுகை என்பதே பொருந்தும். அழுகையைச் சான்றுகொண்டு சரிபார்ப்பவர் உளரோ?

ஊரடங்கில் நாம் பிள்ளைகளுக்குக் கற்பித்த நோவுச் சொற்கள் யாவை என எண்ணிப் பார்க்கலாம். காய்ச்சலா, இருமலா, மூச்சுத்திணறலா, மணம் தெரிகின்றதா என்பனவே நாள்தோறும் கேட்கப்பட்ட வினாக்கள். தனிமையா, பயமா, வீட்டில் ஏதும் நடந்ததா எனக் கேட்டோர் சிலரே. கேட்கப்படாத வினாவுக்கு உடல் விடையளித்தது என்பதில் வியப்பில்லை. தமிழ் மரபுக்கு இது புதியதுமன்று. உள்ளத்து உணர்ச்சி உடல்வழி புலப்படுதலைத் தொல்காப்பியம் மெய்ப்பாட்டியல் எனத் தனியோர் இயல் வகுத்து ஆராய்ந்தது. உடலுக்கும் உண்மைக்கும் ‘மெய்’ என ஒரே சொல்லை வழங்கும் மொழி நமது. சொல்லொற்றுமை நிறுவலாகாது எனினும், சிந்தனைக்கு அது நல்லதொரு தூண்டுகோலாகும்.

அவ்விளையோர் தாமாகக் கைக்கொண்ட வழிகளையும் இவ்வொளியில் மதிப்பிடல் வேண்டும். சிலர் மௌனமாயினர், உலகமே மூச்சுக்குப் போராடுகையில் தம் வயிற்றுவலியைச் சொல்ல நாணினர். அம்மௌனத்தைப் பொறுமையென்று புகழ்தல் தகாது. சிலர் இணையத்தில் அறிகுறிகளைத் தேடித்தேடி அச்சத்தைப் பெருக்கிக்கொண்டனர். வேறு சிலர் நேரத்திற்கு எழுதல், வீட்டுத் தோட்டத்திற்கு நீரிறைத்தல், தோழரோடு தொலைபேசியிற் பேசுதல், நோவிருப்பினும் சிறிது படித்தல் எனச் சிறிய ஒழுங்குகளால் நாளைக் கட்டியமைத்தனர். நோவு முற்றாக நீங்கும்வரை வாழ்வை ஒத்திவையாமல், நோவுடனேயே வாழ்வின் ஒரு பகுதியை மீட்டுக்கொண்டமையே இவர்களது சிறப்பு. ஆயினும், இவ்வொழுங்குக்கு இடமும் அமைதியும் நம்பும் ஒருவரும் வேண்டும். எல்லோர்க்கும் அவை வாய்க்கவில்லை என்பதனால், சமாளித்தவரை வீரரென்றும் ஏனையோரைக் கோழைகளென்றும் பிரித்தல் அநீதியாகும்.

இங்கு ஒரு மறுப்பு எழலாம். நோவை நம்பி நம்பிக் கவனித்தால் அது வேரூன்றாதா? இக்கேள்வியைப் புறந்தள்ளமுடியாது. பாடசாலையைத் தவிர்த்தலால் வரும் ஆறுதல் குணமாகாது. மாதக்கணக்கில் வீட்டிலிருந்தவருக்கு மீளச்செல்லல் முன்னையிலும் கடினமாயிற்று. எனினும், நோவை நம்புதல் வேறு. நோவு கேட்பதையெல்லாம் கொடுத்தல் வேறு. இன்றைய உளச்சிகிச்சை நோவு உண்மையென ஏற்பதிலேயே தொடங்கி, படிப்படியாக நடமாட்டத்திற்கும் கல்விக்கும் பிள்ளையைத் திருப்புகின்றது. மணிக்கொரு தடவை ‘இன்னும் நோகிறதா’ என வினவுவதால் நோவே வளரும். ‘இன்று என்ன செய்தாய், யாரோடு பேசினாய்’ என்று கேட்பதால் பிள்ளை வளரும். தான் நம்பப்படவில்லை என்றுணரும் பிள்ளைக்கோ, நோவை நிறுவுவதே முழுநேரத் தொழிலாகிவிடுகின்றது. ஐயமே நோவுக்கு வலுவான உரமாகும்.

நம்புதல் என்பது எல்லாவற்றையும் உளத்தின்மேற் சுமத்துதலும் அன்று. இரைப்பைப் புண் மனவழுத்தத்தால் வருவதென நெடுங்காலம் பேசப்பட்டது. 1980களின் தொடக்கத்தில் பெரி மார்ஷலும் றொபின் வொறனும் அதற்குப் பற்றீரியா ஒன்று காரணமாதலை வெளிப்படுத்தினர். அதற்காக 2005 இல் நோபல் பரிசும் பெற்றனர். ‘எல்லாம் மனந்தான்’ என்ற தீர்ப்பும் ‘எல்லாம் நடிப்பு’ என்ற தீர்ப்பும் ஆராய்ச்சியை முடித்துவிடும் அவசரத்திற் பிறந்தவை. 2020 இல் நோவு பற்றிய தனது வரையறையைத் திருத்திய சர்வதேச நோவாய்வுக் கழகம், ஒருவர் தம் அனுபவத்தை நோவென எடுத்துரைப்பின் அது மதிக்கப்படவேண்டுமெனக் குறிப்பிட்டது. பெருந்தொற்று ஆண்டிலேயே அவ்வாசகம் வெளிவந்தமை பொருத்தமானதே.

திருக்குறளின் மருந்து அதிகாரம், நோயுற்றவரின் நிலையையும் நோயின் நிலையையும் காலத்தையும் தனித்தனியே எண்ணிச் செயற்படுமாறு வைத்தியருக்குக் கூறுகின்றது. நோயை அளந்துவிட்டால் நோயாளியையும் அளந்துவிட்டதாக வள்ளுவர் கருதவில்லை. ஊரடங்கில் கிளினிக் மருந்துகள் தபால்மூலம் வீடுவந்து சேர்ந்தன. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்தில் செவிமடுப்போரும் இருந்தனர். எனினும் பெரும்பாலான இளையோருக்கு அருகிலிருந்த செவி பெற்றோரும் உடன்பிறந்தாரும் ஆசிரியருமே. நாளை எம்மில் அநேகர் ஆசிரியராவோம், பெற்றோராவோம். காலைக் கூட்டத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு பிள்ளை எம்முன் நிற்கும். அதன் நோவுக்குக் காரணங் கூற அன்று எம்மால் இயலாதிருக்கலாம். ஆயினும், ‘நீ சொல்வதை நம்புகிறேன்; எப்பொழுது தொடங்கியது என்று சொல்’ என அதனருகில் அமர்ந்து கேட்பதற்கு எந்தப் பரிசோதனை அறிக்கையும் தேவையில்லை.