அமுக்கமும் உரிமையும்

காந்தத்தன்மை இரும்போடு பிறந்த குணமென்றே பொதுவாகக் கருதப்படுகிறது. பௌதிகவியல் காட்டும் உண்மை வேறு. இரும்புத் துணுக்கொன்றை இரு வைர முனைகளுக்கிடையே வைத்து நெருக்கினால், வளிமண்டல அமுக்கத்தைப் போல் ஏறத்தாழ 130,000 மடங்கில் அதன் பளிங்கமைப்பு மாறுகிறது. கனசதுர ஒழுங்கில் நின்ற அணுக்கள் அறுகோண ஒழுங்கை எய்துகின்றன, அயக்காந்தத்தன்மை அற்றுப்போகிறது. ஓர் அணுவேனும் குறைந்ததில்லை; குணமோ இல்லை.

அரசியலமைப்பிற் பொறிக்கப்பட்ட அடிப்படை உரிமையும் இத்தகையதுதானா? அமைதிக் காலத்தில் நிலவி, நெருக்கடியில் மறைவதாயின் அதனை உரிமை எனல் தகுமா?

இவ்வினா 1976இல் இந்திய உச்சநீதிமன்றத்தின் முன் நின்றது. 1975 யூனில் நெருக்கடிநிலை பிரகடனமாயிற்று. உயிருக்கும் சுதந்திரத்துக்கும் காப்பளிக்கும் 21ஆம் உறுப்புரையின் பேரில் நீதிமன்றத்தை நாடும் உரிமை இடைநிறுத்தப்பட்டது. விசாரணையின்றித் தடுத்துவைக்கப்பட்டோர் ஆட்கொணர்வு மனுவேனும் செய்யலாமா? இயலாதென நால்வர் தீர்த்தனர், நீதியரசர் எச். ஆர். கன்னா ஒருவரே மாறுபட்டார். உரிமையின் எழுத்து அழியவில்லை. அதன் ஈர்ப்பு அழிந்தது.

பேராபத்தில் அரசு சில சுதந்திரங்களைக் குறுக்குதல் தவிர்க்கவியலாததெனச் சிலர் வாதிப்பர். அதில் உண்மையுண்டு, ஊரடங்கு நடமாட்டத்தைக் குறைக்கிறது, உயிர்களையும் காக்கிறது. ஆகவே எவ்வுரிமை சுருங்கலாம், எது சுருங்கலாகாது என்பதே ஆராயத்தக்கது. இலங்கையின் 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பு இவ்வெல்லையை வரைந்துள்ளது. பேச்சு, நடமாட்டம் முதலியவற்றை 15ஆம் உறுப்புரை மட்டுப்படுத்த இடமளிக்கிறது. 10ஆம் உறுப்புரையின் சிந்தனைச் சுதந்திரத்தையும், 11ஆம் உறுப்புரை சித்திரவதைக்கு விதித்த தடையையும் அது தீண்டவில்லை.

எனினும் ஒரு நுட்பம் நோக்கத்தக்கது. கைதுசெய்வதற்குரிய முறையையும் நீதிபதி முன் நிறுத்துவதையும் வகுக்கும் 13ஆம் உறுப்புரைப் பிரிவுகள், தேசிய பாதுகாப்பின் பேரால் மட்டுப்படுத்தத்தக்கனவே. சித்திரவதை நிகழுமிடம் தடுப்புக்காவலன்றோ? வாயிற்காவலனை விலக்கிவிட்டு, வீட்டினுள் எவரும் புகலாகாதென எழுதிவைத்தலால் பயனென்ன? உயர்நீதிமன்றத்தில் முறையிட 126ஆம் உறுப்புரை தருவதோ ஒரு மாதமே. ஆதலின் குறையா உரிமையின் காப்பு, குறையத்தக்க உரிமையிலேயே தங்கியுள்ளது.

இரும்பு இன்னுமொன்றை உணர்த்துகிறது. அமுக்கம் தளர்ந்தால் அது பழைய நிலைக்கு மீளும். ஆயின் மாறிய அதே அளவில் அன்று, அதனினும் குறைந்த அமுக்கத்திலேயே மீளும். 1979இல் தற்காலிக ஏற்பாடாக வந்த பயங்கரவாதத் தடைச் சட்டம் 1982இல் நிரந்தரமாயிற்று. 2009இல் போர் முடிந்த பின்னரும் நீடித்தது. இழந்த உரிமை, இழப்புக்குக் காரணம் நீங்கியவுடன் தானாக மீள்வதில்லை.

இவ்வொப்புமை ஓரிடத்தில் முறிகிறது. அம்முறிவிலேதான் அறம் பிறக்கிறது. இரும்புக்குத் தெரிவு இல்லை. நீதிபதிக்கு உண்டு, குடிமகனுக்கும் உண்டு. கன்னாவும் ஏனைய நால்வரும் ஒரே அமுக்கத்தின் கீழேயே இருந்தனர். 1977இல் பிரதம நீதியரசர் பதவி அவரைத் தாண்டி இளையவருக்குச் சென்றது. அவர் பதவி துறந்தார். 1978இல் 44ஆம் திருத்தம் 21ஆம் உறுப்புரையை இடைநிறுத்தவியலாததாக்கிற்று. 2017இல் அந்நீதிமன்றமே பழைய தீர்ப்பை நிராகரித்தது. 'அமுக்கம் மிகுந்திருந்தது' என்பது இரும்புக்கு விளக்கமாகலாம், மனிதனுக்கு நியாயமாகாது.