உழைப்பாளியின் உயிரும் அமானிதமே

 

அமானிதம் என்றதும் பிறர் நம்மிடம் கொடுத்துவைத்த பணமும் நகையுமே நம் நினைவுக்கு வருகின்றன. காலையில் தம் மனைவி மக்களிடம் விடைபெற்று நம் தொழிற்கூடத்துக்குள் நுழையும் ஏழையின் உயிரும், மாலையில் அவர் வீடு திரும்பும்வரை நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம்தான் என்பதை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்க்கிறோம்?

வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை வட்டாரங்களில் தோல் பதனிடும் தொழிலை நம் சமுதாயத்தவர் தலைமுறை தலைமுறையாக நடத்தி வருகிறார்கள். அத்தொழிலின் வருவாயால் பள்ளிவாசல்களும் மதரஸாக்களும் கல்லூரிகளும் எழுந்தன. அல்ஹம்துலில்லாஹ்! ஆனால் அதில் மறைந்துள்ள ஆபத்தையும் நாம் அறிந்திருத்தல் வேண்டும்.

தோலிலிருந்து முடியை நீக்கச் சுண்ணாம்போடு சல்பைடு சேர்க்கிறார்கள். பின்னொரு கட்டத்தில் அமிலம் சேர்க்கிறார்கள். இவ்விரு கழிவுநீரும் தொட்டியில் கலந்தால் ஹைட்ரஜன் சல்பைடு என்னும் நச்சுவாயு உண்டாகிறது. காற்றைவிடக் கனமான அது குழியின் அடியிலேயே தங்கிவிடும். முதலில் அழுகிய முட்டைபோல் நாறும். அளவு மிகுந்துவிட்டாலோ மூக்கின் உணர்வே மரத்துப்போகும். நாற்றம் போய்விட்டதென நம்பி இறங்கியவர் மயங்கி விழுகிறார்; அவரைத் தூக்க இறங்கியவரும் விழுகிறார்.

அபாயம் குழிக்குள் மட்டுமா? 2015 ஜனவரி 31 அன்று இராணிப்பேட்டையில் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, உறங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் சேற்றில் சிக்கி மாண்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் பிழைப்புக்காக மேற்கு வங்காளத்திலிருந்து வந்தவர்கள். அந்தோ!

இத்தகைய வேளைகளில், ‘அவருடைய அஜல் அவ்வளவுதான்’ என்று கூறிக் கணக்கை முடித்துக்கொள்வோர் உண்டு. கத்ரை நம்புவது ஈமானின் அங்கம் என்பதில் ஐயமில்லை. எனினும், ஷாம் தேசம் நோக்கிப் புறப்பட்ட கலீஃபா உமர் (ரலி) அவர்கள், அங்கே கொள்ளைநோய் பரவியிருப்பதைக் கேள்வியுற்று, ஸர்கு என்னுமிடத்திலிருந்து தம் கூட்டத்தாரோடு திரும்பியதை எண்ணிப் பாருங்கள். அல்லாஹ்வின் விதியிலிருந்தா தப்பியோடுகிறீர்கள் என்று அபூ உபைதா (ரலி) அவர்கள் வினவியபோது, திரும்பிச் செல்வதும் அவனுடைய விதியே என்னும் கருத்தில் அவர்கள் விடையளித்தார்கள். தம்மை நம்பி வந்தோரின் உயிரைக் காத்ததால் அவர்களுடைய தவக்குல் குறைந்துவிடவில்லை!

நம் கைக்கீழ் உள்ளோர் நம் சகோதரர்கள் என்றும், அவர்களின் சக்திக்கு மீறியதைச் சுமத்தலாகாது என்றும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் போதித்தார்கள். நம் உடன்பிறந்தவரை இறக்க அஞ்சும் குழியில் பிறர் பிள்ளையை இறக்குவது எப்படிச் சகோதரத்துவமாகும்?

குழிக்குள் இறங்குமுன் வாயுவைச் சோதிக்க வேண்டும். அன்றேல் சுவாசக் கருவி அணிவித்து, இடுப்பு வாரில் கட்டிய கயிற்றின் மறுமுனையை வெளியே ஒருவர் பிடித்திருக்க வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமே வகுத்திருந்தது. இச்செலவை மிச்சப்படுத்திச் சேர்க்கும் லாபத்தில் பரக்கத் உண்டாகுமா?

இல்லத்தரசிகளே! இது முதலாளிமார்களுக்கு மட்டும் உரியதன்று. நம் வீட்டுச் செப்டிக் டேங்கிலும் இதே வாயு உண்டு. சில நூறு ரூபாய் கூலிக்காக எவரையும் அதனுள் இறக்காதீர்கள்; கழிவுநீர் உறிஞ்சும் லாரியையே அழையுங்கள்.

ஓர் உயிரைக் காப்பது மனிதகுலம் முழுவதையும் காப்பதற்கு ஒப்பாகும் என்பது திருக்குர்ஆனின் போதனை. ஒப்படைக்கப்பட்ட ஒவ்வோர் உயிருக்கும் நாளை மறுமையில் பதில் சொல்லும் பொறுப்பை உணர்ந்து நடக்க வல்ல நாயன் நம் அனைவருக்கும் தௌஃபீக் செய்வானாக! ஆமீன்.