மூதாட்டியாய் வந்த அம்மை

சைவாசிரியர்காள்!

வைகாசித் திங்களிலே வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் பொங்கலுக்குச் செல்லாத குடி நம் வன்னியில் அரிது. அத்தலத்து ஐதிகம் நீங்கள் அறியாததன்று. நந்திக்கடலோரத்தே மாடு மேய்த்து நின்ற சிறுவரிடத்து அம்மை ஒரு மூதாட்டி வடிவந் தாங்கி வந்து, பசிக்கின்றதென்றாள். பிள்ளைகள் குழை முறித்துக் கொட்டிலிட்டுப் புக்கை பொங்கிக் கொடுத்தார்கள். பொழுதுபட்டது, விளக்கேற்ற எண்ணெயில்லை. கடல்நீரை வார்த்து ஏற்றுமின் என்றாள், விளக்கு எரிந்தது. பின்னர்த் தலை கடிக்கின்றது, பாருங்கள் என்றாள். மயிரை வகிர்ந்து பார்த்த சிறுவர் தலையெங்குங் கண்களாயிருக்கக் கண்டு திகைத்து நின்றார்கள். இன்றும் பொங்கலுக்கு முன்னே கடல்நீர் எடுத்து வந்து விளக்கெரிக்கும் வழக்கம் அதனையொட்டியதேயாம்.

இக்கதையை வகுப்பிற் சொல்லுங்காற் கடல்நீர் எரிந்த அற்புதத்தையே விரித்துரைக்கின்றோம். எனக்கோ ஐம்பது பிராயங் கடந்த பின்னர் வேறொன்று பெரிதாகத் தோன்றுகின்றது. ஊர் பேர் அறியாத கிழவி; குளித்து எத்தனை நாளோ! அவள் தலையிலே அருவருப்பின்றிக் கை வைத்தவர் சிறுவர். அம்மை ஊர்த் தலைமைக்காரர் வீட்டுப் படலையைத் தட்டினாளல்லள். பிள்ளைகளிடத்தே வந்தாள், அவர்களே அவள் கண்களைக் கண்டார்கள்.

முதியோரைத் துன்புறுத்துவார் நம்மவருள்ளும் உளரென்று கூறின், கேட்போர் பலர் முனிகின்றனர். அறுபது வயதும் அதற்கு மேலுமானவர்களுள் ஏறக்குறைய ஆறு பேருக்கு ஒருவர், ஓராண்டினுள்ளே தம்மவராலோ பிறராலோ ஏதேனும் ஒருவகைக் கொடுமைக்கு ஆளாகின்றனரென 2017 ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்றைக் கொண்டு உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. தமிழகத்து விருதுநகர்ப் பக்கத்திலே, படுக்கையிற் கிடக்கும் முதியோரை எண்ணெய் தேய்த்து நீராட்டி இளநீர் பருக்கி இறக்கச் செய்யும் ‘தலைக்கூத்தல்’ என்னும் வழக்கம் 2010 இற் பத்திரிகைகளில் வெளிப்பட்டபோது, நம்மிடத்து அஃதில்லையென்று நாம் ஆறுதலடைந்தோம். ஆம், அஃதில்லை. கயிறு உண்டு.

அந்தக் கயிற்றைப் பற்றிச் சொல்லுதற்கே எழுதத் தொடங்கினேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஐந்தாந் தரத்துப் பிள்ளைகளுக்கு ‘என் குடும்பம்’ என்னுந் தலைப்பிற் கட்டுரை கொடுத்தேன். ஒரு சிறுமி இவ்வாறு எழுதினாள்: “அப்பாச்சி பின்கொட்டிலில் இருக்கிரா. இராவிலை எழும்பி நடப்பா. அப்பா கயித்தாலை கட்டி வைப்பார்.” நான் சிவப்பு மையினால் ரகரத்தை றகரமாக்கினேன், ‘இராவிலை’ என்பதை ‘இரவில்’ என்றும், ‘கயித்தாலை’ என்பதைக் ‘கயிற்றால்’ என்றுந் திருத்திப் பத்துக்கு ஆறு புள்ளியிட்டுக் கொப்பியைத் திருப்பிக் கொடுத்தேன். மூன்று மாதத்தில் அம்மூதாட்டி சிவபதமடைந்தார். பறை மேளம், பந்தல், அந்தியேட்டி, முப்பத்தோராம் நாள் அன்னதானம் எல்லாங் குறைவற நடந்தன. கல்வெட்டுப் பாடிக் கொடுத்தவனும் நானே. மக்கள் கண்ணின் மணியெனக் காத்தாரென்று அதில் எழுதியிருக்கின்றேன். பிரேதத்தைக் குளிப்பாட்டிய பெண்கள் இரு மணிக்கட்டிலுந் தழும்பையும், முதுகிலே படுக்கைப் புண்ணையுங் கண்டதாகப் பின்னரே என் காதில் விழுந்தது. அப்போதுதான் கொப்பி நினைவுக்கு வந்தது.

நான் மிஷன் பாடசாலையிற் கற்றவன். பத்துக் கட்டளைகளையுங் கொன்றைவேந்தனையும் ஒரே காலத்தில் மனனஞ் செய்தவன். இரண்டில் ஒன்றும் அன்று எனக்கு உதவவில்லை.

அந்த மகனைப் பாதகனென்று தள்ளிவிடுதல் எளிது. அவன் பாதகனல்லன். 2009 ஆம் ஆண்டு மே மாதத்தில் யுத்தம் முடிந்ததும் அதே நந்திக்கடற் புறத்திலேயே. செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமுக்கூடாக வந்த குடும்பங்களில், உடன்பிறந்தார் நால்வர் பகிர்ந்து சுமக்க வேண்டிய தாயை ஒருவனே சுமக்கின்றான். ஒருவன் இறந்தான், ஒருவன் காணாமற் போனான், ஒருவன் அந்நிய தேசத்தில். பகலெல்லாங் கூலிக்குப் போய் வந்தவன், இரவிலே தாய் எழுந்து கிணற்றடிக்கு நடந்தாற் செய்வதறியாது கயிற்றை எடுத்தான். மறதி நோய் என ஒன்றுண்டென்றும், அதற்கு மருத்துவ ஆலோசனை உண்டென்றும் அவனுக்குச் சொன்னார் இல்லை.

திருவதிகைக்கு அயலே சித்தவடமடத்தில் நம்பியாரூரர் துயின்றபோது நிகழ்ந்ததைப் பெரியபுராணத்திற் காண்க. முதிய வேதியராய் வந்த பெருமான் அவர் தலைமேல் அடி நீட்டினார். ஏனிப்படிச் செய்தீரென்றதற்கு, திசை தெரியாமற் செய்தது என் மூப்பென்று விடை வந்தது. நம்பியாரூரர் சினந்து அடிக்கவில்லை. தலையை வேறு பக்கம் வைத்துப் படுத்தார். திருவடி அங்கும் வந்தது. இறைவன் தனக்கு ஒவ்வாத மூப்பின் தடுமாற்றத்தையும் ஒரு வேடமாக ஏற்றானென்றால், நம் வீட்டிலே திசை மயங்கி நடப்பவரைக் கட்டி வைக்கும் கை யார் கையென்று எண்ணிப் பார்க்க வேண்டாவோ?

அடித்தல் ஒன்றே கொடுமையென்று கொள்ளற்க. முதியவரைக் கேட்ட கேள்விக்கு மகனே முந்தி விடை கூறுகின்றானா, அவனைக் கண்டதும் அவர் வாய் அடைத்துப் போகின்றதா, உடைந்த கண்ணாடி மாதக்கணக்காக அப்படியே கிடக்கின்றதா, கிளினிக் கொப்பியிலே திகதிகள் தவறியுள்ளனவா, உடல் மெலிந்து உடை நாறுகின்றதா என்று கவனிக்க. தபாற்கந்தோரில் உதவிப்பணம் பெற்ற அன்றே அது யார் மடியிற் போகின்றதென்பதும் பார்க்கத்தக்கது. “முதியோரில்லத்திலே விட்டுவிடுவேன்” என்று நாடோறும் வெருட்டுதல் அடியினுங் கொடிது. இல்லந்தான் இழிவென்பதன்று. வவுனியாக் கோயிற்குளத்திலே சிவன் கோயிலைச் சார்ந்தே முதியோரில்லம் நடந்து வந்துள்ளது. ஒருவருமற்றார்க்கு அது புகலிடம். வெருட்டுதலே இழிவு.

காணியைப் பற்றிச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். இரணைமடு, வவுனிக்குளம், முத்தையன்கட்டு முதலிய குடியேற்றங்களில் நிலம் பெரும்பாலும் 1935 ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் அனுமதிப்பத்திரத்தாற் பெறப்பட்டது. பின்னுரித்தாளராகத் தன் பெயரைப் பதிவிக்கும்வரை மகன் பாலுஞ் சோறும் ஊட்டுவதும், பதிந்த மறுநாளே தாய் திண்ணைக்கு வருவதும் நான் கண்ட காட்சிகள். கணவன் இறந்தபின், மறுமணஞ் செய்யாத மனைவி அந்நிலத்தை ஆயுளுள்ளவரை அனுபவிக்கும் உரிமையுடையாள். இதனை அறியாமலே எத்தனை தாய்மார் தம் சொந்த வளவிலே ஒதுங்கிக் கிடக்கின்றனர்!

2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், பெற்றோரை வேண்டுமென்றே புறக்கணித்தலாகாதென மக்களுக்குக் கடமை விதித்து, தம்மைத் தாமே பேண முடியாதார் மக்களிடம் மாதப்படி கோருதற்குப் பராமரிப்புச் சபையையும் அமைத்துள்ளது. அடி உதை உண்டாயின், 2005 ஆம் ஆண்டின் வீட்டு வன்முறைத் தடைச் சட்டத்தின்படி நீதவான் நீதிமன்றத்திலே பாதுகாப்புக் கட்டளை பெறலாம். ஆனால் எந்தத் தாயும் மகன்மேல் வழக்கு வைக்க விரும்பாள். ஆதலின், பிரதேச செயலகத்திலுள்ள முதியோர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரிடம் நாம் முன்னரே சொல்லி வைப்பது நன்று. அவர் வீட்டுக்குச் செல்லுங்கால் அது வழக்காகத் தோன்றாது, விசாரிப்பாகவே தோன்றும்.

அதன்பின் கட்டுரைக் கொப்பிகளை நான் இருமுறை வாசிப்பதுண்டு. எழுத்துக்கு ஒருமுறை, செய்திக்கு ஒருமுறை. இரண்டாண்டு கழித்து வேறொரு சிறுவன், “அம்மம்மாவை அறையிலை பூட்டிவிட்டு அம்மா வயலுக்குப் போவா” என்று எழுதினான். பிள்ளை சொன்னதாகக் காட்டாமல் மாலையில் அவ்வீட்டுக்குச் சென்று, ஆச்சியிடம் பழைய கோயிற் சங்கதி கேட்க வந்தேனென்றேன். மகள் கதவைத் திறந்துவிட்டு என்னைப் பார்த்து அழுதாள். அவள் ஒரு முழு இரவு உறங்கி எத்தனையோ மாதம். உத்தியோகத்தர் வந்தார். வைத்தியசாலைக்கு அழைத்துச் சென்றார்கள். அயல்வீட்டு முதிய பெண்மணி இருவர் முறைவைத்துப் பகலில் ஆச்சியோடு இருக்க இசைந்தார்கள். பூட்டைக் கழற்றிப் படலையிற் போட்டார்கள். ஆச்சிக்கு இப்போது மகளின் பெயரே நினைவில்லை, பேரன் மாலையிற் பள்ளிவிட்டு வந்து தலைவாரி விடும்போது மட்டும், “ஆர் பிள்ளையடா நீ?” என்று கேட்டுச் சிரிக்கின்றார்.