எது பொய்?

எங்கள் வீட்டு மாடிக்கு எதிர்மாடியில் ஒரு நாட்டிய வகுப்பு நடக்கிறது. காலை ஆறரை மணிக்குத் தட்டுக்கழி தட்டுமனையின்மேல் விழ ஆரம்பித்தால், அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் கிடையாது. முதலில் சண்டை போடத்தான் போனேன். சிநேகிதனாகத் திரும்பி வந்தேன்.

டீச்சரம்மாவுக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். முழங்கால் போய்விட்டது. நாற்காலியில் உட்கார்ந்தபடியே சொல்லிக் கொடுக்கிறார். முகம் மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை. நாயகன் வராமல் போன ஓர் இரவை அந்த முகத்தில் பார்த்தேன். பதத்தின் ஒரே அடியை ஏழெட்டுத் தடவை திருப்பிப் பாடுகிறார்கள். ஒவ்வொரு தடவையும் ஒரு புது அர்த்தம். விளக்கைத் தூண்டினார். வாசலில் சத்தம் கேட்டுத் தலையைத் திருப்பினார். வந்தது காற்று என்று தெரிந்ததும், யாரும் பார்த்துவிட்டார்களோ என்று வெட்கப்பட்டார். நான் நாலு அத்தியாயம் எழுதியும் வரவழைக்க முடியாத சங்கதி அது.

அன்று பதினாறு வயதுப் பெண் ஒருத்தி, "டீச்சர், உங்களுக்கு லவ் மேரேஜா?" என்று கேட்டுவிட்டாள். "அரைமண்டி உட்காரத் தெரியவில்லை, கல்யாணக் கதை கேட்கிறாயாக்கும்!" என்று சிரித்து அனுப்பிவிட்டார். எல்லோரும் போன பிறகு, கேட்காத என்னிடம் பதில் சொன்னார்.

"என் வீட்டுக்காரர் என் நாட்டியத்தை ஒரே ஒரு தடவைதான் பார்த்தார், சார். வர்ணம் முடிவதற்குள் தூங்கிவிட்டார். கடைசியில் பக்கவாதம். ஒன்பது வருஷம் படுக்கை. இரண்டு மணிக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், இல்லாவிட்டால் முதுகில் புண் வந்துவிடும் என்றார் டாக்டர். புண் வரவில்லை. ஆனால் ஒன்று. மேடையில் பதம் பிடிக்கும்போதெல்லாம் எனக்குக் கண்ணில் ஜலம் வந்திருக்கிறது. அவர் போன அன்று வரவில்லை. எது பொய், நீங்கள் சொல்லுங்கள்."

நான் என்ன சொல்ல? காபி நன்றாக இருக்கிறது என்றேன்.

இந்தச் சிருங்காரத்தைப் பற்றிப் பெரியவர்களே ஒத்துப்போனதில்லை. 1936-இல் கலாக்ஷேத்திரத்தைத் தொடங்கிய ருக்மிணி தேவி, சில பதங்கள் மேடைக்கு உகந்தவை அல்ல என்று ஒதுக்கினார். பக்திதான் பிரதானம் என்றார். பாலசரஸ்வதிக்கு அது சம்மதமில்லை. சிருங்காரத்தைவிட உயர்ந்த பாவம் இல்லை, அதைச் சுத்தம் செய்ய நாம் யார் என்பது அவர் கட்சி. 1975-இல் தமிழிசைச் சங்கத்தில் பேசியபோது நாட்டியக் கச்சேரியைக் கோயிலுக்கு ஒப்பிட்டார். பதம் ஆடுவதைப் பிராகாரம் கடந்து கர்ப்பக்கிருகத்துக்குள் நுழைவதாகச் சொன்னார். என் ஓட்டு பாலசரஸ்வதிக்கு. ஆனாலும் இரண்டு பேரும் மேடைக் காதலைப் பற்றித்தான் வாதாடினார்கள். டீச்சரம்மா கேட்டது வீட்டைப் பற்றி.

மனத்தில் அன்பு இருந்தால் கை தானாக வேலை செய்யும் என்று நாம் நினைக்கிறோம். நாட்டியக்காரர்கள் அப்படி ஆரம்பிப்பதில்லை. முதலில் தட்டடவு, பிறகு நாட்டடவு; ஒவ்வொன்றும் மூன்று காலத்தில். வருஷக்கணக்கில் காலும் கையும்தான். பாவமெல்லாம் அப்புறம். ராத்திரி இரண்டு மணிக்கும் நாலு மணிக்கும் எழுந்து ஒரு கனமான உடம்பைப் புரட்டிய கைகளுக்கு, ஒன்பது வருஷ சாதகம் இருக்கிறது. அங்கே பாவம் வந்து சேர்ந்ததா இல்லையா என்று வெளியிலிருக்கும் நான் எப்படிச் சொல்வேன்? அவருக்கே தெரியவில்லை. கண்ணீர் வரவில்லை என்பதை மட்டும் சாட்சியாக வைத்துத் தீர்ப்புச் சொல்ல எனக்கு மனம் இல்லை. கண்ணீர், அதை வரவழைக்கப் பழகியவர்களுக்குச் சுலபமாக வரும். எழுதுகிறவனுக்கு இது தெரியும்.

எனக்குத் தெரிவதற்கு வேறு காரணமும் உண்டு. என் நாவல் ஒன்றில், ஜுரமாகக் கிடக்கும் மனைவிக்குக் கதாநாயகன் விடிய விடிய நெற்றியில் ஈரத்துணி போடுவான். வாசகர்கள் உருகிக் கடிதம் எழுதினார்கள். அதைப் படித்த என் மனைவி, "இந்த மனுஷர் ஒரு நாளாவது நம் வீட்டுக்கு வரக்கூடாதா?" என்று கேட்டாள். அவள் ஜுரமாகக் கிடந்த வாரத்தில்தான் நான் அந்த அத்தியாயத்தை எழுதினேன், கதவைச் சாத்திக்கொண்டு.

மறுநாள் தட்டுக்கழிச் சத்தம் கேட்டதும் எழுந்து சமையலறைக்குப் போனேன். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. டிகாக்ஷன் தண்ணீராக இறங்கியது. மனைவி ஒரு வாய் குடித்துவிட்டு, "சகிக்கவில்லை" என்றாள். டம்ளரைக் கீழே வைக்காமல் முழுவதையும் குடித்தாள்.