ரேடியோவின் காதைத் திருகுதல்

காலை நேரத்துச் சாஸ்திரிய சங்கீத நிகழ்ச்சிக்கு வருகிற புகார்களை வரிசையாக அடுக்கிப் பார்த்தால், இத்தனை பேரும் ஒரே நிகழ்ச்சியைத்தான் கேட்டார்களா என்று சந்தேகம் வரும். "காலங்காத்தால முகாரியா? வீட்ல ஏதோ துக்கம் நடந்த மாதிரி இருக்கு சார்" என்பார் ஒருவர். "தெனம் அதே பிலஹரி, அதே மலயமாருதம். வேற ராகமே கெடையாதா?" என்பார் அடுத்தவர். ஆலாபனையே பாதி நேரத்தைத் தின்றுவிட்டது என்று ஒருவருக்கு அலுப்பு. தனி ஆவர்த்தனத்தின் நடுவில் ஒலியைக் குறைத்துச் செய்திக்குப் போய்விட்டார்கள் என்று இன்னொருவருக்கு ஆத்திரம். லண்டனிலும் இதே கதைதான். பிபிசி ரேடியோ 3-இன் காலை நிகழ்ச்சியைப் பற்றி அங்கே முணுமுணுக்கிறவர்கள், ஒரு சிம்பொனியில் ஒரு பகுதியை மட்டும் வெட்டிப் போடுகிறார்களே, நடுவில் இவ்வளவு பேச்சு எதற்கு என்று கேட்கிறார்கள்.

சிரித்துவிட்டுப் போகலாம். எனக்கு மட்டும் இதில் தீராத ஒரு கேள்வி இருக்கிறது. ஏழு மணி பத்து நிமிடத்துக்கு ஒரு அலைவரிசையில் ஒரு பாட்டுத்தான் ஒலிக்க முடியும். யாரோ ஒருவர் அதைத் தேர்ந்தெடுக்கிறார். பல்லாயிரம் பேருக்காக அவர் எந்த உரிமையில் தேர்ந்தெடுக்கிறார்? 'ரசனை ஆளாளுக்கு வேறு' என்பது நம் வீட்டுத் திண்ணைப் பேச்சை முடித்துவைக்க உதவும். ஒலிபரப்பு அறையில் உட்கார்ந்திருப்பவருக்கு அது எதையும் சொல்வதில்லை.

காலை என்பதால் இந்தக் கேள்வி இன்னும் சிக்கலாகிறது. சாயங்காலக் கச்சேரிக்குப் போகிறவர் சட்டை மாற்றிக்கொண்டு கிளம்பிப் போய், கேட்பதற்கென்றே உட்காருகிறார். காலையில் சங்கீதம்தான் நம் வீட்டுக்கு வருகிறது. அடுப்பில் இட்லி வேகிறது, ஒருவர் குளிக்கிறார், ஒருவர் வண்டிச் சாவியைத் தேடுகிறார். கேட்பது அரைக் காதுதான். முகாரி வேண்டாம் என்கிறவரை அறியாதவர் என்று ஒதுக்க எனக்கு மனம் வராததற்கு இது ஒரு காரணம். பூபாளமும் பௌளியும் விடியலுக்கு, நீலாம்பரி இரவுக்கு என்பது ரேடியோவுக்கு வெகு முந்தைய வழக்கு. காலையில் ஆஹிரி பாடினால் அன்றைக்குச் சோறு கிடைக்காது என்றுகூட ஒரு நம்பிக்கை உண்டு. இன்றைய கர்நாடக சங்கீதக் கச்சேரி மேடை இந்த நேரக் கணக்கைப் பெரிதாகப் பார்ப்பதில்லை. ஆனால் பாட்டு வீட்டுக்குள் வரும்போது, வீட்டுக்காரருக்கு அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல இடம் இருக்க வேண்டும்தானே.

அப்படியானால் கேட்பதைக் கொடுத்துவிடலாமா, நல்லதைக் கொடுக்க வேண்டுமா? இரண்டாவது பதிலை இந்தியா முழு வேகத்தில் சோதித்துப் பார்த்திருக்கிறது. 1952-இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக வந்த பி.வி. கேஸ்கர், சினிமாப் பாட்டு நாட்டின் ரசனையைக் கெடுக்கிறது என்று நம்பியவர். அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டின் நேரம் சுருங்கியது. படத்தின் பெயரைச் சொல்வது விளம்பரம் ஆகிவிடும் என்று அதையும் நிறுத்தினார்கள். தயாரிப்பாளர்கள் கோபித்துக்கொண்டு உரிமத்தைத் திரும்பப் பெற, சினிமாப் பாட்டே ஏறக்குறைய காணாமல் போனது. ஜனங்கள் ஊர்வலம் போகவில்லை. ரேடியோவின் காதைத் திருகினார்கள், அவ்வளவுதான். அந்தப் பக்கம் இலங்கை வானொலி இருந்தது. அதே 1952-இல் அங்கே தொடங்கிய 'பினாகா கீத்மாலா', அமீன் சயானியின் குரலை வட இந்தியாவின் வீட்டுக் குரலாக ஆக்கியது. தமிழ்நாட்டிலும் இலங்கையின் தமிழ் ஒலிபரப்பு வீடு வீடாக நுழைந்தது. பின்னாளில் 'பொங்கும் பூம்புனல்' கேட்டபடி பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிய தலைமுறை ஒன்று நம் தென்கடற்கரை ஊர்களில் உண்டு. கடைசியில் 1957 அக்டோபர் 3 அன்று விவித் பாரதியைத் தொடங்கி அரசு இறங்கி வந்தது.

கேஸ்கரைக் கேலி செய்வது சுலபம். ஆனால் 1952-இல்தான் வானொலியின் தேசிய இசை நிகழ்ச்சியும் தொடங்கியது. சபாவே இல்லாத ஊரில் இருந்தவருக்கு, டிக்கெட் வாங்க முடியாதவருக்கு, சபா வாசலைத் தனக்கான இடம் என்று நினைக்கவே வாய்ப்பில்லாதவருக்கு, பெரிய வித்வான்களின் பாட்டு வீட்டுக்கே வந்தது. நல்லதைக் கொடுக்க வேண்டும் என்ற ஆசையில் எனக்குக் குறை தெரியவில்லை. கேட்பவரை அவர் நோயாளியாகப் பார்த்தார் என்பதுதான் உறுத்துகிறது. மருந்து கொடுப்பவர் நோயாளியிடம் ருசி கேட்பதில்லை. ஹார்மோனியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1940-இல் வானொலி அதற்குத் தடை போட்டது. நாடகத்திலும் பஜனையிலும் சாதாரண ஜனங்கள் கேட்டுப் பழகிய வாத்தியம் அது. அந்தத் தடை தளர 1971 வரை ஆனது.

விவித் பாரதி வந்த அதே 1957-இல் லண்டனில் கதை நேர்மாறாக நடந்தது. 1946-இல் பிபிசி தொடங்கிய 'தேர்ட் புரோகிராம்' கடினமான இசைக்கும் நாடகத்துக்கும் சிந்தனைக்குமான அலைவரிசை. கேட்பவர்கள் மிகக் குறைவு என்பதால் அதன் நேரத்தை வெகுவாக வெட்டினார்கள். கவிஞர் டி.எஸ். எலியட், இசையமைப்பாளர் வான் வில்லியம்ஸ் போன்றவர்கள் எதிர்த்துக் குரல் கொடுத்தார்கள். வெட்டு நிற்கவில்லை. டெல்லியில் கேட்பவர் நோயாளி என்றால், லண்டனில் அவர் தலைக்கணக்கு.

இந்த இரண்டு கூட்டத்துக்கும் இடையில் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் என்ற பொருளாதார அறிஞர் 1970-இல் எழுதிய புத்தகம் ஒன்றின் அடிப்படை யோசனை இது: ஒரு அமைப்பு சரியில்லாமல் போனால் அதைச் சார்ந்திருப்பவர் செய்யக்கூடியவை முக்கியமாக இரண்டு. விலகிப் போகலாம், அல்லது இருந்துகொண்டே குரல் கொடுக்கலாம். சினிமாப் பாட்டு ரசிகருக்கு விலகிப் போக இலங்கை இருந்தது. தேர்ட் புரோகிராம் கேட்டவருக்குப் போக வேறு அலைவரிசை இல்லை. அவரிடம் இருந்தது குரல் மட்டும். புகார்களை எடைபோடும்போது எத்தனை பேர் எழுதினார்கள் என்று எண்ணுவதோடு, எழுதியவருக்குப் போக வேறு இடம் உண்டா என்றும் கேட்க வேண்டும் என்று நான் நினைக்க ஆரம்பித்தது இங்கிருந்துதான்.

எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருந்தார். தறி நெய்தவர், கடைசிக் காலத்தில் கண் பார்வை போய்விட்டது. காலையில் அரை மணி நேரக் கச்சேரிதான் அவருக்கு மொத்தச் சங்கீதமும். ஒருநாள் அந்த வானொலி நிலையம், பெரும்பாலானவர்கள் விரும்புகிறார்கள் என்று சொல்லி, வாரத்தில் இரண்டு நாள் கச்சேரியை எடுத்துவிட்டு மெல்லிசைப் பக்திப் பாடல்களைப் போட ஆரம்பித்தது. அவர் என்னைக் கூப்பிட்டுக் கார்டு எழுதச் சொன்னார். உங்களுக்குப் பிடித்த வித்வான் யார் என்று எழுதட்டுமா என்று கேட்டேன். "எனக்குப் புடிச்சதைப் போடுன்னு எழுதாதடா தம்பி. எனக்கு எது புடிச்சா அவங்களுக்கு என்ன? மத்தவங்க பாட்டும் இருக்கட்டும். இங்க ஒருத்தன் முழுசா உக்காந்து கேட்டுக்கிட்டு இருக்கான்னு மட்டும் எழுது. அந்த ரெண்டு நாளும் பத்து நிமிஷம் நாயனம் போட்டா போதும்." பதில் வரவில்லை.

அவர் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தை ஒலிபரப்பு அறைச் சுவரில் எழுதி வைக்கலாம் என்று தோன்றும். அரைக் காதோடு கேட்பவருக்கென்று மட்டும் தேர்ந்தெடுத்தால், முழுசாகக் கேட்பவருக்கு அங்கே ஒன்றுமே மிஞ்சாது. முழுசாகக் கேட்பவரை நினைத்துத் தேர்ந்தெடுத்தால், இட்லி எடுத்துக்கொண்டிருப்பவருக்குப் பெரிய நஷ்டம் இல்லை. ஒரு சங்கதி காதில் விழும், மற்றது போகும்.

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. முழுசாகக் கேட்பவரையே நினைத்துக்கொண்டிருந்தால் புதிதாக வருகிறவர் எங்கே போவார்? பிரிட்டனில் 1992-இல் 'கிளாசிக் எஃப்எம்' வந்தபோது, பிரபலமான துண்டுகளாகப் போட்டே பெரும் கூட்டத்தைச் சேர்த்தது. பழைய ரசிகர்கள் முகம் சுளித்தார்கள். ஆனால் மேற்கத்திய சாஸ்திரிய இசை தங்களுக்கானது இல்லை என்று நினைத்திருந்த பலருக்கு அது முதல் வாசலாக இருந்தது. இதை நான் சிறிய நன்மை என்று சொல்ல மாட்டேன். புதிதாக வருகிறவருக்கும் அந்தப் பெரியவரைப் போல வேறு வாசல் கிடையாது. பெரியவராவது கார்டு எழுதச் சொன்னார். இவருக்கு என்ன கேட்பது என்றே இன்னும் தெரியாது. அதனால் அவர் புகார் எழுதுவதில்லை.

சத்தமாகப் புகார் சொல்கிறவர்கள் பெரும்பாலும் நடுவில் இருப்பவர்கள். எது பிடிக்கும் என்று அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும், அதையே திரும்பக் கேட்க ஆசைப்படுகிறார்கள். நானும் அந்தக் கட்சிதான். எங்கள் குரலுக்கும் மதிப்பு உண்டு. ஆனால் எங்களிடம் ரெக்கார்டு இருக்கிறது, யூடியூப் இருக்கிறது, சபா இருக்கிறது. தேர்ந்தெடுப்பவர் முதலில் நினைக்க வேண்டியது போக்கிடம் இல்லாத அந்த இரண்டு பேரை. அவருக்குத் தேர்ந்தெடுக்கும் உரிமை எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், என் பதில் இதுதான்: அவருக்குச் சங்கீதம் அதிகம் தெரியும் என்பதால் அது வருவதில்லை. தானாகக் கேட்டு வாங்க முடியாதவர்களுக்காக அவர் அங்கே இருக்கிறார் என்பதால் வருகிறது.

இப்போது என் காலைச் சங்கீதத்தைப் போன்தான் தேர்ந்தெடுக்கிறது. நான் நேற்று எதைத் தாண்டிப் போனேனோ அதை இன்று ஒதுக்கி வைக்கிறது. முகாரியை இரண்டு தரம் தள்ளிவிட்டால் போதும், அது என் வீட்டுப் பக்கம் வருவது குறைந்துவிடும். கேஸ்கரைப் போல அது என்னைத் திருத்தப் பார்ப்பதில்லை. எனக்குப் பிடித்ததைக் கொடுத்துக்கொண்டே இருக்கிறது. வசதிதான். ஆனால் நேற்றைய நான்தான் இன்றைய எனக்குப் பாட்டுப் போடுகிறேன். முகாரி எனக்குப் பிடித்துப்போனது நான் கேட்டதால் அல்ல. சிறு வயதில் உயரத்தில் இருந்த ரேடியோவை எட்டி நிறுத்த முடியாத ஒரு காலையில், யாரோ ஒருவர் அதைப் போட்டார் என்பதால்.

போனிடம் நான் தள்ளிவிடலாம், சண்டை போட முடியாது. முகாரிக்காகக் கோபப்பட்டவர் யாரிடமோ கோபப்பட்டார். அந்த யாரோ ஒருவர் அவருக்குப் பதில் சொல்லியிருக்கலாம்: "நீங்க சொல்றது சரிதான், ஆறு மணிக்கு வேண்டாம். ஏழரைக்குப் போடுறேன், முழுசாப் போடுறேன். ஒரு தடவை உக்காந்து கேட்டுப் பாருங்க. அப்பவும் புடிக்கலன்னா திரும்ப எழுதுங்க."

அப்படி ஒரு பதிலைச் சொல்ல, அந்த அறையில் ஒரு ஆள் இருக்க வேண்டும். கார்டைப் படிக்கவும் வேண்டும்.