பருத்த உடம்பு என்ன பாவம் செய்தது?

எட்டு வயதுச் சிறுமி, எடை 86 கிலோ. அவளுடைய உறவுக்காரப் பையனுக்கு இரண்டே வயது. அவன் 29 கிலோ. பாகிஸ்தான் வழிவந்த இங்கிலாந்துக் குடும்பம். "பெற்றவர்களுக்குப் பிள்ளையின் வாயைக் கட்டத் தெரியாதா?" என்றுதான் ஊர் கேட்டிருக்கும். 1997இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் காரணத்தைக் கண்டார்கள். உடம்பில் கொழுப்பு போதுமான அளவு இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் லெப்டின் ஹார்மோன், மரபணுக் கோளாறால், இருவருக்கும் சுரக்கவேயில்லை. பிறகு சிறுமிக்குத் தினமும் லெப்டின் ஊசி போட்டார்கள். சாப்பாடு தானாகக் குறைந்தது. ஓராண்டில் 16 கிலோ இறங்கியது. அவளுக்கு யாரும் மனக்கட்டுப்பாடு போதிக்கவில்லை.

பருமனைப் பாவமாகப் பார்ப்பதற்குச் சமயத்தைக் காட்டுவோரும் உண்டு. கத்தோலிக்கர்கள் சொல்லும் தலையான பாவங்கள் ஏழில் போசனப்பிரியமும், அதாவது பெருந்தீனியும், ஒன்று. ஆனால் 13ஆம் நூற்றாண்டில் இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் இதை விளக்கும்போது, குற்றம் வரம்பு மீறிய ஆசையில் இருக்கிறது, உணவில் அல்ல என்றார். அவரே நல்ல பருமனானவர் என்று சொல்வார்கள். உடம்பைப் பார்த்தே உள்ளத்துக்குத் தீர்ப்பு எழுதும் வேலையை இறையியல் செய்யவில்லை, நாம்தான் செய்கிறோம்.

இங்கே ஒரு சிக்கல். லெப்டின் இல்லாதவர்கள் மிக அபூர்வம். மற்றவர்களின் பருமனுக்குப் பரம்பரை, உணவு, உறக்கம், சாப்பிடும் மருந்து, வருமானம் என்று பல காரணங்கள் பின்னிக் கிடக்கின்றன. நிரபராதி என்று சான்றிதழ் காட்டினால்தான் மரியாதையா? குடித்துவிட்டு வண்டியைக் கவிழ்த்தவனுக்கும் முதலில் தையல்தானே போடுகிறார்கள்! யார் தவறு என்ற கேள்விக்கு வார்டில் வேலையே இல்லை.

அந்தக் கேள்வி நுழைந்துவிட்டால் என்ன ஆகும்? 2018இல் கனடாவின் விக்டோரியா நகரில் ஒரு பெண்மணியின் இரங்கல் குறிப்பு வெளியானது. சில ஆண்டுகளாக உடம்பு சரியில்லை என்று மருத்துவர்களிடம் போய் நின்றவருக்கு, எடையைக் குறையுங்கள் என்பதைத் தவிர வேறு மருத்துவமே கிடைக்கவில்லையாம். புற்றுநோய் தெரியவந்தபோது நாள் கடந்துவிட்டது.

அவமதிப்பு எப்போதும் வாய்ச்சொல்லாக வருவதில்லை. பிபி பார்க்கும் கைப்பட்டையையே எடுத்துக்கொள்ளுங்கள். பருத்த கையில் சிறிய பட்டையை இழுத்துச் சுற்றினால் அளவு கூடுதலாகக் காட்டும். மிகப் பெரிய பட்டை தேவைப்படுகிறவர்களுக்கு வழக்கமான பட்டையைச் சுற்றினால், மேல் அளவு சராசரியாகச் சுமார் 20 புள்ளி ஏறுகிறது என்று 2023இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. 125 இருப்பவருக்கு 145! இல்லாத நோய்க்கு மாத்திரை, கூடவே அறிவுரை.

அடுத்த முறை பட்டை கையை நெரித்தால் பெரியதைக் கேளுங்கள். இல்லை என்றால், வாங்கி வைக்கும்படி மருத்துவமனைக்கு எழுதிக் கொடுங்கள்.