வேண்டாம் என்று சொல்வது

துணியைப் பற்றிக் கண்ணுக்குத் தெரிவது குறைவு. நிறம், கரை, பூவேலை, அவ்வளவுதான். கனம், சன்னம், கஞ்சியின் அளவு, உடம்பில் விழும் விதம் இவையெல்லாம் விரல்களுக்கே தெரியவருபவை. மதுரைச் சுங்குடியை எடுத்துக்கொள்ளலாம். சௌராஷ்டிரர்கள் வளர்த்த இந்தத் தொழிலில் துணியைப் புள்ளி புள்ளியாகக் கிள்ளி, நூலால் முடிச்சிட்டு, சாயத்தில் தோய்க்கிறார்கள். முடிச்சுக்குள் சாயம் ஏறுவதில்லை. அவிழ்த்தபின் அந்த இடம் வெள்ளைப் புள்ளியாக, லேசாக மேடிட்டு நிற்கிறது. அச்சில் போட்ட சுங்குடிக்கும் புள்ளி உண்டு, மேடு கிடையாது. புகைப்படத்தில் இரண்டும் ஒன்றுதான். கைபேசியில் சேலை வாங்குகிறவர் ஒரு படத்தைத் தேர்ந்தெடுக்கிறார். துணி பிறகு வந்து சேர்கிறது.

ஆனால் ஸ்பரிசத்தை மட்டும் வைத்துக் கடைக்கு வக்காலத்து வாங்குவது எனக்குப் போதவில்லை. பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்பலாம் என்ற ஏற்பாடு வந்தபின் அந்த வாதம் பாதி பலமிழந்துவிட்டது. வீட்டிலேயே தொட்டுப் பார்க்கலாம், உடுத்தியும் பார்க்கலாம். டவுனிலிருந்து தொலைவில் இருப்பவர்களுக்கும், மாடிப்படி ஏற முடியாதவர்களுக்கும், தங்கள் உடம்பின் அளவை நாலு பேர் முன்னால் சொல்லக் கூசுகிறவர்களுக்கும் இது பெரிய விடுதலை. இதை ஒப்புக்கொள்ளாமல் பழைய கடைவீதிகளுக்காக ஏங்குவது போலியான காரியம். பாய் விரித்து உட்காரவைத்துத் துணி காட்டிய அந்தக் காலத்துக் கடைகள் எல்லாரையும் பாயில் உட்காரவைத்தனவா என்ற கேள்வியும் இருக்கிறது.

என்னைத் தொந்தரவு செய்வது வேறு விஷயம். கடையில் ‘வேண்டாம்’ என்பதை ஒரு முகத்தைப் பார்த்துச் சொல்லவேண்டியிருக்கிறது. பத்துச் சேலைகளைப் பிரித்துப்போட்டு, முந்தானையைத் தன் தோளில் போட்டுக் காட்டிய பெண்ணிடம் ஒன்றும் எடுக்காமல் எழுந்திருப்பது சுலபமில்லை. அந்த நிமிஷத்தில் நமக்கு ஒரு பொய் தேவைப்படுகிறது: “வீட்டில் கேட்டுக்கொண்டு வருகிறேன்.” அது பொய் என்று அவளுக்கும் தெரியும். தெரிந்துதான் தலையாட்டுகிறாள். இந்தச் சங்கடத்தை ஒழித்தது கைபேசி வியாபாரத்தின் பெரிய சௌகரியம் என்கிறார்கள். சங்கடம் ஒழிந்ததா, உழைப்பு கண்ணிலிருந்து மறைந்ததா? திருப்பி அனுப்பிய சட்டையை எங்கோ ஒரு கிடங்கில் யாரோ ஒருவர் பிரித்து, கறை பட்டிருக்கிறதா என்று பார்த்து, மறுபடி மடிக்கத்தான் வேண்டும். அவரிடம் நாம் பொய் சொல்லவேண்டிய அவசியம்கூட இல்லை. அந்தப் பொய்யில் கொஞ்சம் மரியாதை இருந்தது என்றே எனக்குப் படுகிறது.

இதோடு நிறுத்திக்கொண்டால் கடை முதலாளிகள் சந்தோஷப்படுவார்கள். முகம் எதிரில் இருப்பதாலேயே அறவுணர்வு வந்துவிடும் என்றால், நம் ஜவுளிக்கடைகளில் காலையிலிருந்து இரவுவரை நின்ற கால்களை நாம் எப்போதோ பார்த்திருக்கவேண்டும். வசந்தபாலனின் ‘அங்காடித் தெரு’ 2010இல் ரங்கநாதன் தெருக் கடைகளின் ஊழியர்களைத் திரையில் காட்டியபோது, அதே தெருவில் வருஷாவருஷம் தீபாவளிக்குத் துணி எடுத்தவர்கள்தான் அதிர்ந்துபோய் வெளியே வந்தார்கள். அதுவரை அவர்கள் யாரிடம் துணி எடுத்தார்கள்? கேரளத்தில் கோழிக்கோட்டுக் கடைப் பெண்கள் தொடங்கிய போராட்டத்திற்குப் பிறகு 2018இல் சட்டம் திருத்தப்பட்டது. தமிழ்நாட்டில் 1947ஆம் வருஷத்துக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021இல்தான் ஒரு பிரிவைச் சேர்த்தார்கள்: ஊழியர்கள் உட்கார இருக்கை தரவேண்டும். நிற்கிறவர் நடுவே உட்கார்ந்துகொள்ளலாம் என்பதைச் சட்டமாக எழுதவேண்டி வந்திருக்கிறது. இத்தனை வருஷமும் நாம் அவர்களுக்கு எதிரில்தான், நாற்காலியில், குளிர்பானம் குடித்துக்கொண்டு இருந்தோம்.

ஆகவே கடை நமக்கு ஒரு சந்தர்ப்பத்தை மட்டுமே தருகிறது எனலாம். அங்கே ஒருவர் நிற்பதைப் பார்க்காமல் இருந்தால் அந்தப் பார்க்காமை நம்முடைய செயல். அதற்கு நாம் பதில் சொல்லவேண்டும். கைபேசியில் பார்ப்பதற்கே யாரும் இல்லை, அதனால் பதில் சொல்லவும் ஒன்றுமில்லை. இப்படிக் கிடைக்கிற நிரபராதித்தனத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. கடைக்குப் போகிறவன் அதனாலேயே யோக்கியனாகிவிடுவதில்லை என்றாலும், அவனைக் கேள்வி கேட்கவாவது முடியும்.

நான் வேட்டி எடுக்கும் கடையில் இப்போது முக்காலிகள் போட்டிருக்கிறார்கள். சென்ற முறை போனபோது ஒன்றின்மேல் துண்டுக் கட்டுகள் அடுக்கியிருந்தன. பக்கத்தில் அந்தப் பெண் நின்றுகொண்டிருந்தாள். “உட்கார்ந்துகொண்டே காட்டலாமே அம்மா” என்றேன். அவள் மேற்பார்வையாளர் இருந்த பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, “எட்டு முழமா, நாலு முழமா ஸார்?” என்று கேட்டாள்.